ரோலர் ஸ்கேட்டிங் வரலாற்றைப் பார்க்க எங்கே போகலாம்: லிங்கனா, போர்ட்லாந்தா, லண்டனா?

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். அதே தொடரில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் அவருக்கே தங்கம் கிடைத்தது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய மகளிர் அணியில் ஆரத்தி கஸ்தூரி ராஜும், ஆடவர் அணியில் ஆனந்த்குமாரும் இருந்தார்கள். பிள்ளைகளை விடியற்காலையில் ஸ்கேட்டிங் வகுப்புக்கு அழைத்துச் செல்லும் நம் குடும்பங்கள் பல, அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போகும் வாய்ப்பு வரும்போது, இந்த விளையாட்டு பிறந்து வளர்ந்த இடம் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா என்று தேடுகின்றன. அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

கருத்தில் கொள்ளத் தக்க இடங்கள் மூன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனில் உள்ள தேசிய ரோலர் ஸ்கேட்டிங் அருங்காட்சியகம் ஒன்று. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் 1905இலிருந்து இயங்கிவரும் ஓக்ஸ் பூங்காவின் ஸ்கேட்டிங் ரிங்க், அதாவது ஸ்கேட் செய்வதற்கென அமைந்த தளம், இரண்டாவது. சக்கரக் காலணி முதன்முதலில் பொதுமக்கள் கண்ணில் பட்ட லண்டன் மூன்றாவது. இவற்றில் ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் லிங்கனையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் அந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. காலில் ஸ்கேட் கட்டி ஓரளவாவது ஓடிப் பழகியவர்களுக்கே லிங்கன் தன் முழுப் பயனையும் தரும். இதுவரை ஸ்கேட்டைத் தொட்டே பார்க்காதவர்களும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களும் போர்ட்லாந்தில் தொடங்குவதே நல்லது.

இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இந்த வரலாற்றின் இயல்புதான். ரோலர் ஸ்கேட்டிங்கின் வரலாறு முழுவதும் காலணியின் அடிப்புறத்தில் நடந்த வரலாறு. சக்கரத்தின் மேல் நின்றுகொண்டு எப்படித் திரும்புவது, எப்படித் தடையில்லாமல் உருள்வது என்ற இரண்டு கேள்விகளுக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளாக மனிதர்கள் தேடிய விடைகளே அந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. வளைவில் திரும்ப முயன்று விழுந்து எழுந்த அனுபவம் உள்ளவருக்கு அந்த விடைகளின் அருமை உடனே புரியும். அந்த அனுபவம் இல்லாதவருக்கு அவை பழைய இரும்பும் தோலும் மரமுமாகவே தெரியக்கூடும்.

எந்த இடத்துக்குப் போவதானாலும் சில பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இன்றைய பெல்ஜியத்தின் ஹுய் நகரில் 1735இல் பிறந்து லண்டனில் குடியேறிய ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவிக் கலைஞர், 1760களில் சக்கரம் பொருத்திய காலணிகளோடு ஒரு முகமூடி விருந்துக்கு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வயலின் வாசித்தபடியே உருண்டு வந்தவர், நிற்கவும் திரும்பவும் வழியில்லாமல் 500 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள கண்ணாடியில் மோதி, அதையும் வயலினையும் உடைத்துத் தாமும் பலத்த காயமடைந்தார். 1819இல் பாரிஸில் பெத்திப்லே என்பவர் மூன்று சக்கரங்களை ஒரே வரிசையில் பொருத்திய ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1823இல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் ஜான் டையர்ஸ் ஐந்து சக்கரங்களை வரிசையாக வைத்து, நடுச் சக்கரத்தை மற்றவற்றைவிடப் பெரியதாக அமைத்தார். அப்போது எந்த நேரத்திலும் தரையைத் தொடும் சக்கரங்கள் குறைந்துவிடும் என்பதால், உடலை முன்னும் பின்னும் சாய்த்துத் திசை மாற்ற ஓரளவு இடம் கிடைத்தது. ஆனாலும் வளைவு என்பது இவர்கள் யாருக்கும் முழுதாக வசப்படவில்லை. அதை வசப்படுத்தியவர் ஜேம்ஸ் லியோனார்ட் பிளிம்டன். அவரை லிங்கனில் சந்திக்கலாம்.

லிங்கன் அருங்காட்சியகம் 1980இல் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் நட்டநடுவில், சோளக்காடுகள் சூழ்ந்த ஒரு நகரத்தில் இது ஏன் அமைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. 1937இல் டெட்ராய்ட்டில் ரிங்க் உரிமையாளர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் பிற்காலத்தில் தன் தலைமையகத்தை லிங்கனுக்கு மாற்றிக்கொண்டதே அதற்குக் காரணம். அந்தச் சங்கம் இப்போது இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டாலும், இந்த விளையாட்டை நிர்வகிக்கும் யு.எஸ்.ஏ. ரோலர் ஸ்போர்ட்ஸ் அமைப்பும் அருங்காட்சியகமும் லிங்கனிலேயே வேர் பிடித்தன. உலகிலேயே மிகப் பெரிய பழைய ரோலர் ஸ்கேட் சேகரிப்பு இதுதான் என்று அருங்காட்சியகம் சொல்லிக்கொள்கிறது. 1819ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்றைய இன்லைன் வரையிலான ஸ்கேட்டுகள், காப்புரிமை தொடர்பான பொருள்கள், உடைகள், பதக்கங்கள், புகைப்படங்கள், பத்திரிகைகள் என்று அதன் சேகரிப்பு விரிகிறது.

பிளிம்டனின் ஸ்கேட்டுக்கு முன்னால் நிற்கும்போது அவசரப்படக் கூடாது. மாசசூசெட்ஸில் பிறந்து நியூயார்க்கில் மரச்சாமான் தொழில் செய்துவந்த அவர், 1863இல் பெற்ற காப்புரிமையில் சக்கரங்களை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இணைகளாகப் பிரித்தார். சக்கரங்களை இணைகளாக வைத்தது அவருடைய பெரிய சாதனை அல்ல. அச்சுகளை அடித்தகட்டோடு இறுக்கிப் பிணைக்காமல், சாய்வான ஒரு முளையின் மேல் அசையும்படி பொருத்தி, இடையில் ரப்பர் திண்டு வைத்ததே சாதனை. உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ரப்பர் அமுங்குகிறது. முன் அச்சு சாய்ந்த பக்கம் திரும்புகிறது, பின் அச்சு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது, நான்கு சக்கரங்களும் சேர்ந்து ஒரு வட்டத்தின் வில்லில் ஓடுகின்றன. உடல் நிமிர்ந்ததும் ரப்பர் அச்சுகளைத் தள்ளிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இங்கே சாய்வே திசையாகிறது. ஸ்கேட்டர்கள் ட்ரக் என்று அழைக்கும் இந்த அமைப்பு, சிறு திருத்தங்களோடு இன்றும் குவாட் ஸ்கேட்டுகளில், அதாவது முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சக்கரங்கள் கொண்டவற்றில், இருக்கிறது. பயிற்சியாளர் உங்கள் பிள்ளையின் ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, திண்டை இறுக்கவோ தளர்த்தவோ ஒரு நட்டைத் திருகுகிறார் என்றால், அவர் திருகுவது பிளிம்டனின் எண்ணத்தைத்தான்.

பிளிம்டன் ஸ்கேட்டுகளை விற்பதைவிட வாடகைக்கு விடுவதையே விரும்பினார். ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரில் 1866இல் அட்லாண்டிக் ஹவுஸ் விடுதியின் உணவுக்கூடத்தை ரிங்க்காக மாற்றினார். ஆணும் பெண்ணும் கண்ணியமாக ஒன்றுகூடும் பொழுதுபோக்கு என்று மேல்தட்டு மக்களிடம் அதைக் கொண்டுசேர்த்தார். 1870களில் இங்கிலாந்தில் தம் அமைப்பை நகலெடுத்தவர்கள் மேல் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்குகள் ஆங்கிலக் காப்புரிமைச் சட்ட வரலாற்றில் இன்றும் பேசப்படுகின்றன. ஒரு விளையாட்டு ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பாலும் வணிக முயற்சியாலும் இத்தனை தூரம் உருவான நிகழ்வு அரிது. அந்த நிகழ்வின் சான்றுகளை ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பார்ப்பது லிங்கனுக்கு மட்டுமே உரிய வாய்ப்பு.

அடுத்துப் பார்க்க வேண்டியவை சக்கரங்கள். மரம், உலோகம், தந்தம் என்று தொடங்கிய சக்கரத்தின் துளை முதலில் அச்சின் மேலேயே உராய்ந்து சுழன்றது. 1884இல் லெவன்ட் ரிச்சர்ட்சன் எஃகுக் குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை பெற்ற பிறகு உராய்வு பெரிதும் குறைந்து, வேகம் என்பது தனியான ஒரு பந்தயப் பொருளானது. 1970களின் தொடக்கத்தில் ஃப்ராங்க் நாஸ்வர்தி ஸ்கேட்போர்டுக்காகக் கொண்டுவந்த பாலியூரித்தேன் என்ற நெகிழ்வான பிளாஸ்டிக் சக்கரம் ரோலர் ஸ்கேட்டுக்கும் வந்தது. கரடான தார்ச்சாலையிலும் வழுக்காமலும் அதிராமலும் ஓட முடிந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் டிஸ்கோ இசையோடு ரிங்க்குகள் நிரம்பியதற்கு இந்தச் சக்கரமும் ஒரு காரணம். 1980 வாக்கில் மின்னியாபொலிஸைச் சேர்ந்த ஸ்காட், பிரென்னன் ஓல்சன் சகோதரர்கள், ஐஸ் ஹாக்கி வீரர்கள் கோடையிலும் பயிற்சி செய்வதற்காகச் சக்கரங்களை மீண்டும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். பெத்திப்லே 1819இல் நினைத்ததும் அதுதான். அப்போது இல்லாத பேரிங்கும் பாலியூரித்தேனும் இப்போது கிடைத்தன, அவ்வளவே வேறுபாடு. ஆனந்த்குமார் தங்கம் வென்றதும் அந்த ஒற்றை வரிசைச் சக்கரங்களின் மேல்தான். இன்லைன் புதியது, குவாட் பழையது என்று நம் பிள்ளைகள் நினைப்பது எவ்வளவு தவறு என்பதை இந்த வரிசை கண்ணெதிரே காட்டிவிடுகிறது.

முதுகில் சுமக்கும் பெட்ரோல் எஞ்சினால் ஓடும் 1950களின் மோட்டார் ஸ்கேட் போன்ற விந்தைகளும் அங்கே உண்டு, குழந்தைகள் அவற்றையே முதலில் தேடி ஓடுவார்கள். சாதாரணக் காலணியின் மேல் மாட்டி, ஒரு சிறு சாவியால் பக்கங்களை இறுக்கிக்கொள்ளும் தெரு ஸ்கேட்டுகளையும் தவறவிடாதீர்கள். அந்தச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த ஒரு தலைமுறையே அமெரிக்காவில் இருந்தது.

இனி லிங்கனின் குறைகள். இது பெரிய அருங்காட்சியகம் அன்று. ஆர்வமுள்ளவர் ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடித்துவிடலாம். ஓர் அமைப்பின் அலுவலகத்தோடு சேர்ந்து இயங்கும் இடம் என்பதால், வார நாள்களில் அலுவலக நேரத்தில் திறந்திருப்பதே அதன் வழக்கம். சனி, ஞாயிறில் மட்டும் ஓய்வு கிடைக்கும் குடும்பங்களுக்கு இது உண்மையான தடை. எனவே நேரத்தைத் தொலைபேசியில் உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். அருகில் உள்ள பெரிய விமான நிலையம் ஒமாஹா, அங்கிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சிகாகோவிலிருந்து காரில் வந்தால் எட்டு மணி நேரம் ஆகும், டென்வரிலிருந்து ஏழு. சிகாகோவுக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதிக்கும் இடையே ஓடும் கலிபோர்னியா செஃபிர் ரயில் லிங்கனில் நிற்கிறது என்றாலும் இரு திசையிலும் நடு இரவிலோ விடியலுக்கு முன்போதான் வருகிறது. முதியவர்களோடு போகிறவர்கள் அதை நம்பாமல் இருப்பது நலம்.

போர்ட்லாந்து வேறு வகை. வில்லமெட் ஆற்றங்கரையில், செல்வுட் பகுதியில், 1905 மே 30 அன்று திறக்கப்பட்ட ஓக்ஸ் பூங்காவின் ரிங்க் ஓர் அருங்காட்சியகம் அல்ல, இன்றும் ஆள்கள் ஸ்கேட் செய்யும் தளம். நூறடிக்கு இருநூறடி மரத்தளம் அது. தளத்துக்கு மேலே, அந்தரத்தில், குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய இசைக்கருவியான வர்லிட்சர் பைப் ஆர்கன் ஒன்று தொங்குகிறது. ஒலிபெருக்கிக்கு முந்தைய காலத்தில் ரிங்க்குகளில் ஆர்கன் கலைஞர் நேரில் வாசிக்க, அதன் தாளத்துக்கு வால்ட்ஸும் டாங்கோவும் ஆடியபடி இணைகள் உருண்டன. அந்த மரபின் எச்சம் உயிரோடு இருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அந்தத் தளத்துக்கு ஒரு கதை உண்டு. 1948 வெள்ளத்தில் பூங்கா வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்து மரத்தளம் வீணானது. மறுபடி கட்டியபோது, காற்றுப் புகாத இரும்புப் பீப்பாய்களின் மேல் தளத்தை அமைத்தார்கள். மீண்டும் வெள்ளம் வந்தால் சுவரோடுள்ள பிணைப்பை வெட்டிவிட்டால் போதும், தளம் முழுவதும் தெப்பம் போல் நீரோடு எழுந்து, நீர் வடிந்ததும் இறங்கிவிடும். 1964இலும் 1996இலும் வந்த பெருவெள்ளங்களிலிருந்து தளம் பிழைத்தது இப்படித்தான். ஒரு ரிங்க்கை ஊர் மக்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் போர்ட்லாந்தை நான் முன்வைப்பது இதனால்தான். அங்கே வாடகைக்கு குவாட் ஸ்கேட் எடுத்துக் கட்டிக்கொண்டு, மரத்தளத்தில் சக்கரம் எழுப்பும் ஒலியைக் கேட்டு, உடலைச் சாய்த்தால் கால் தானாகத் திரும்புவதை உணர்ந்த குழந்தைக்குப் பிளிம்டனின் அச்சைப் பற்றிப் பிறகு விளக்க வேண்டிய தேவையே இருக்காது. நம் ஊரில் பெரும்பாலும் சிமெண்டுத் தளத்திலும் சாலையிலும் இன்லைன் ஸ்கேட்டில் பழகும் பிள்ளைகளுக்கு, மரத்தளத்தில் குவாட் ஓட்டுவது முற்றிலும் வேறான அனுபவமாக இருக்கும். ஆனால் வரலாற்றை வரிசையாக அறிய விரும்புகிறவருக்கு அங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது. 1905க்கு முந்தைய காலம் அந்த ரிங்க்கில் இல்லை.

லண்டனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெர்லின் கண்ணாடியில் மோதியதாகச் சொல்லப்படும் கார்லைல் ஹவுஸ் இடிக்கப்பட்டுவிட்டது. சோஹோ சதுக்கத்தில் அது இருந்த இடத்தில் இப்போது புனித பேட்ரிக் தேவாலயம் நிற்கிறது. ஹாம்ஸ்டெட் ஹீத்தை ஒட்டிய கென்வுட் மாளிகையில், ஓவியர் கெயின்ஸ்பரோ 1781இல் தீட்டிய மெர்லினின் உருவப்படத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வடக்கே பார்னார்ட் காஸில் ஊரின் போவ்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள வெள்ளி அன்னத்தின் இயந்திர நுட்பத்திலும் அவருடைய கை இருக்கிறது. வேறு காரணத்துக்காக லண்டனுக்குப் போகிறவர், ஸ்கேட்டிங் மேல் பற்றிருந்தால், ஒரு பிற்பகலைக் கென்வுட்டுக்கு ஒதுக்குவது தகும். இதற்காகவே லண்டனுக்குப் போவது தேவையற்ற செலவு.

இந்த மூன்றில் எதுவுமே முழுதாகக் காட்டிவிட முடியாத ஒரு பகுதி இந்த வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் பல ரிங்க்குகள் நெடுங்காலம் கறுப்பின மக்களை உள்ளே விடவில்லை, அல்லது வாரத்தில் ஓர் இரவை மட்டும் அவர்களுக்கு ஒதுக்கின. சிகாகோவின் வைட் சிட்டி ரிங்க் முன்பு 1940களில் இதை எதிர்த்து மறியல்கள் நடந்தன. 1963 ஆகஸ்டில், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணிக்கு, லெட்ஜர் ஸ்மித் என்பவர் சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரைப் பத்து நாள்களில் ஸ்கேட் செய்தே வந்துசேர்ந்தார். அந்த ஒதுக்கப்பட்ட இரவுகளில் வளர்ந்த ஆட்ட முறைகள் இன்றும் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் பெரியவர்களுக்கான ரிங்க் இரவுகளில் உயிரோடு இருக்கின்றன. சிகாகோவிலிருந்து லிங்கனுக்குக் காரில் கிளம்புகிறவர்கள், புறப்படும் முன் அப்படி ஓர் இரவைப் பார்த்துவிட்டுப் போனால், பேழைக்குள் இருக்கும் பொருள்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

செலவையும் நாளையும் வைத்துப் பார்த்தால், லிங்கனுக்கென்றே தனியாக விமானம் ஏறுவதைக் காட்டிலும், லிங்கன் வழியாகச் செல்லும் ஐ-80 நெடுஞ்சாலையில் கிழக்கிலிருந்து மேற்காகவோ மேற்கிலிருந்து கிழக்காகவோ பயணம் செய்யும்போது இடையில் இறங்குவதே அறிவுடைமை. ஸ்கேட்டிங் பயிற்சியாளர்களும், விளையாட்டு வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களும் மட்டும் இதற்கு விலக்கு. அங்குள்ள பத்திரிகைகளும் ஆவணங்களும் வேறெங்கும் ஒருசேரக் கிடைப்பது கடினம். அவர்கள் தங்களுக்கு என்ன தேவை என்பதை முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, குறைந்தது இரண்டு வேலை நாள்களாவது தங்கும்படி போக வேண்டும். கூட வருகிறவர்களுக்கு ஸ்கேட்டிங்கில் நாட்டமில்லை என்றால், 1932இல் கட்டி முடிக்கப்பட்ட, 400 அடி உயரக் கோபுரம் கொண்ட மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தையும், பந்தயக் கார்களுக்கென அமைந்த அமெரிக்க வேக அருங்காட்சியகத்தையும் அதே நகரில் பார்க்கலாம். எனவே அவர்களுடைய நாளும் வீணாகாது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி உள்ளூரில் நடக்கும் இலையுதிர்கால வார இறுதிகளில் விடுதி வாடகை ஏறிவிடும், அறை கிடைப்பதும் அரிது. அந்தத் தேதிகளைத் தவிர்த்து, வியாழன் இரவு ஒமாஹாவில் தங்கி, வெள்ளிக்கிழமை காலையில் லிங்கன் போய்ச் சேருங்கள்.